உன் கேசட் பெட்டியைத் திறந்தேன்

ஏற்காடு,
ஜூன் 14.

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நேற்றுத்தான் போனில் கேட்டுக்கொண்டேன் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் வீடியோ கேம் சாமான்களை மொத்தமாக விலைக்குக் கேட்டு பெங்களூரில் ஒருவர் இருக்கிறார், என்னென்ன இருக்கிறது, எது ஓடுகிறது என்று பட்டியல் எடுத்து அனுப்புங்கள் என்று போன மாதம் சொன்னாய். அரை நாள் வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது. எது ஓடுகிறது என்று பார்ப்பதற்கு ஆடித்தான் ஆகவேண்டும் என்பதும், ஆட உட்கார்ந்தால் எழுந்திருப்பது கடினம் என்பதும் எனக்கு இந்த வயதில்தான் தெரியவந்தது. போனில் சொன்னால் நீ சிரித்தே என் பேச்சை நிறுத்திவிடுவாய். ஆகவே கடிதம்.

முதலில் நிலவரம். செவ்வாய்ப்பேட்டைக் கடையை மூடிவிட்டு மேலே குடிவந்தபோது உன் இரண்டு அட்டைப்பெட்டிகளையும் பிரிக்காமல் அப்படியே பரண்மேல் ஏற்றிவைத்தது என் தவறு. சேலத்து வெயிலில் இத்தனை வருடம் ஒன்றும் ஆகாமல் கிடந்த சாமான், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து இங்கே ஒரே ஒரு மழைக்காலம் பார்த்ததற்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. குறுந்தகடுகளின் உறைகளில் பச்சையாகவும், பிளேஸ்டேஷன் 2-இன் லென்ஸ்மேல் மெல்லிய வெள்ளைப் படலமாகவும் இருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தாயிற்று. இப்போது இரும்பு பீரோவின் கீழ்த்தட்டை உன் சாமான்களுக்கென்று ஒதுக்கி, உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போட்டுவைத்திருக்கிறேன். தன் பட்டுப்புடவைகளுக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை என்று அம்மா சொல்கிறாள். அது உண்மைதான்.

கேசட்டுகளின் செம்புப் பற்களில் கறுப்பு ஏறியிருந்தது. படம் வராவிட்டால் நீ கேசட்டை எடுத்து, வாயருகே வைத்து, ஊதி ஊதிப் போடுவாயே, அதனால் வந்த வினை. ஊதியதால் படம் வந்தது என்று நீயும் உன் தோழிகளும் நம்பினீர்கள். வந்ததோ கழற்றி மாட்டியதில் பற்கள் சரியாகப் பதிந்ததால். மூச்சின் ஈரம் அங்கேயே தங்கி உலோகத்தை அரித்துக்கொண்டிருந்தது. கையில் பிடித்து ஆடும் கேம் பாய் கலரில் பேட்டரியை எடுக்காமலேயே விட்டிருந்தாய். அது கசிந்து உப்புப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுத் தேய்த்ததில் கரைந்துவிட்டது.

பழைய பிக்சர் டியூப் டிவியை இவ்வளவு தூரம் ஏன் சுமந்துவந்தீர்கள் என்று நீயும் உன் அம்மாவும் சேர்ந்து என்னைக் கேட்டீர்கள் அல்லவா? வாத்து சுடும் துப்பாக்கிதான் அதற்கு விடை. நாற்பது வருடம் டிவி பழுதுபார்த்தவனுக்கு அந்தத் துப்பாக்கிக்குள் இருக்கும் சூட்சுமம் தெரியாமல் இருந்தது வெட்கம். அதைப் பிரித்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. துப்பாக்கியிலிருந்து ஒன்றும் வெளியே போவதில்லை. அதற்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்க இருண்டு, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றி மறைகிறது; இருட்டுக்குப் பின் வெளிச்சம் கண்டால் குறி சரி. பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றலாம் என்றால் அதுவும் நடக்காது, ஏனென்றால் முதலில் இருட்டைக் காட்டியாகவேண்டும். இந்தக் கணக்கெல்லாம் பிக்சர் டியூபின் வேகத்துக்கு எழுதியது. இப்போதைய தட்டை டிவி படத்தை வாங்கிக் காட்டுவதற்குள் சற்றுத் தாமதிப்பதால், வெள்ளைச் சதுரம் வரும்போது துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும். எனவே டிவியை விற்றால் துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக். குறி தவறினால் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிக்கும் நாயை அம்மா இப்போது ஜென்ம விரோதியாகக் கருதுகிறாள். அதைச் சுட முடியாது என்று சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

அந்த டிவியில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. ஜப்பானில் டிவி வினாடிக்கு 60 தடவை படத்தைத் தீட்டும். நம் நாட்டில் 50 தடவை. பழைய பஸ் நிலையத்துக் கடையில் உனக்கு நான் வாங்கித்தந்த டிவி கேம், ஜப்பான் பெட்டியைப் பார்த்து நம் டிவிக்கு ஏற்றபடி செய்த நகல் பெட்டி. 60-க்கு எழுதிய ஆட்டத்தை 50-இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துபோகும். ஆக, பத்து வயதில் நீ இளவரசியை மீட்டுவிட்டு அம்மாபேட்டைச் சித்தி வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாயே, அது கொஞ்சம் நிதானமான மாரியோ. அந்த நிதானமான மாரியோவை வைத்துக்கொண்டு என்னால் இரண்டாம் உலகத்தைத் தாண்ட முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் 1985-இல் வந்த அந்த ஆட்டத்தை நான் குறைவாக எடைபோட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறது. தொடங்கியதும் எதிரே ஒருவன் மெதுவாக நடந்துவருகிறான். தாண்டுவதைத் தவிர நம்மிடம் ஒன்றும் இல்லை, ஆகவே தாண்டுகிறோம். கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் வெளிவரும் காளான் நம்மை விட்டு ஓடி, குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வருகிறது, எதிரியோ என்று பயந்து ஒதுங்கினாலும் பெரும்பாலும் வந்து தொட்டுவிடுகிறது, தொட்டதும் வளர்கிறோம். இந்த ஆட்டத்தை உருவாக்கிய மியாமோட்டோ என்ற மனிதர் நல்ல வாத்தியாராகவும் இருந்திருப்பார். மேகத்தையும் புதரையும் உற்றுப் பார்; இரண்டும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. 40 கிலோபைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கியாகவேண்டிய மனிதரின் சிக்கனம் அது. ஒரு ரெஸிஸ்டரை மூன்று டிவிக்கு மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்த எனக்கு அதைப் பார்த்ததும் அவர்மேல் ஒரு உறவு வந்துவிட்டது.

கான்ட்ரா என்ற அந்தச் சுடும் ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை; அது அம்மாவின் இலாகா. மேலே மேலே கீழே கீழே என்று அவள் விரல்கள் தாமாக அழுத்தி முப்பது உயிர்களை வாங்கியதைப் பார்த்தபின்தான், நான் கடையில் இருந்த மதியங்களில் இரண்டாவது ஆட்டக்காரர் யார் என்பது எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் இருவரும் சேர்ந்து மறைத்திருக்கிறீர்கள். பதிலுக்கு என்னிடமும் ஒன்று இருக்கிறது: நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அடாப்டர் எரிந்துபோய்விட்டது என்று நான் சொன்னது பொய். கடை மேசை டிராயரில் இருந்தது.

பிளேஸ்டேஷன் 2-இல் நீ உயர்வாகச் சொல்லும் அந்தப் பேருருவங்களின் ஆட்டத்தையும் போட்டுப் பார்த்தேன். 2005-இல் வந்தது என்று உறையில் இருக்கிறது. படம் சில இடங்களில் திக்கித் திக்கி நகர்கிறது. முதலில் லென்ஸ் என்று நினைத்து மறுபடி துடைத்தேன், அப்புறம்தான் பெட்டியின் சக்திக்கு மீறிய ஆட்டம் என்று விளங்கியது. இறந்துபோன ஒரு பெண்ணை எழுப்புவதற்காக ஒரு பையன் 16 பேருருவங்களைக் கொல்லவேண்டும். முதல் உருவம் தன் பாட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருக்கிறது. நாமாகத் தேடிப் போய் அதன் மயிரைப் பிடித்து ஏறிக் குத்துகிறோம். விழும்போது வெற்றி முழக்கம் இல்லை. இழவு வீட்டு இசை போல ஏதோ ஒன்று கேட்கிறது. இரண்டு முடித்ததும் நிறுத்திவிட்டேன். நன்றாக இல்லாததால் நிறுத்தினேன் என்று நினைக்காதே. நீ உன் கல்லூரி நாட்களில் இரவெல்லாம் உட்கார்ந்து இதைத்தான் பார்த்தாய் என்று தெரிந்திருந்தால் கதவைத் தட்டி விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கமாட்டேன். இழுத்த இழுப்புக்கெல்லாம் திரும்பாமல் தன் புத்தியோடு ஓடும் அந்தக் குதிரை மட்டும் எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது. சண்டைக்குப் போகாமல் வெறும் வெளியில் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு உண்மையான காரணம். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்து தந்த போகிமான் தங்கக் கேசட்டை நான் கெடுத்துவிட்டேன்.

போட்டதும் ஓடியது. தொடர்க என்ற இடத்தில் உன் பெயரும், 16 பதக்கங்களும், 163 மணி நேரமும் இருந்தன. பிராணிகளைப் பிடித்து வளர்த்து மோதவிடும் அந்த ஆட்டத்தில் பகலும் இரவும் உண்டு என்பதால் உள்ளே ஒரு கடிகாரம் ஓயாமல் ஓடுகிறது. அதற்காகப் பொத்தான் போன்ற ஒரு பேட்டரியைப் பலகையில் பற்றவைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் உயிரோடு இருப்பதே அதிசயம், சாவதற்குள் மாற்றிவிடுவோம் என்று தோன்றியது. அதன் திருகாணிக்கு நம் ஸ்க்ரூடிரைவர் எதுவும் பொருந்தாது. பேனாவின் பின்முனையைச் சூடாக்கி, திருகாணிமேல் அழுத்தி அச்செடுத்து, ஆறவிட்டு, அதையே கருவியாக்கித் திறந்தேன். என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டு பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தேன். மறுபடி போட்டபோது புதிய ஆட்டம் என்று மட்டுமே இருந்தது.

டிவியில் சேனல் நினைவை வைத்திருக்கும் ஐசி, கரண்ட் இல்லாமலும் மறக்காது. இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். இதிலோ நீ சேமித்த ஆட்டத்தையும் அந்தப் பேட்டரிதான் உயிரோடு பிடித்துவைத்திருந்திருக்கிறது. கழற்றுவதற்கு முன் பக்கத்தில் வேறொரு மூன்று வோல்ட்டைக் கொடுத்துவிட்டுக் கழற்றியிருந்தால் ஒன்றும் அழிந்திருக்காது. கடைக்கு வேலை பழக வந்த பையன் செய்திருந்தால் திட்டியிருப்பேன். இரண்டு நாள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த 163 மணி நேரத்தை நீ எப்போதோ மறந்திருக்கலாம். எனக்கு அது மனதில் கிடந்து உறுத்துகிறது. மன்னித்துவிடு.

ஆகவே விற்பனை விஷயத்தில் என் யோசனை இது. நகல் பெட்டிகள் மூன்றில் இரண்டையும், ஒரே ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கி 9999 என்று கணக்குக் காட்டும் மஞ்சள் கேசட்டுகளையும், பழைய பிளேஸ்டேஷனையும் அவருக்கே கொடுத்துவிடலாம். தனித்தாளில் விவரம் எழுதியிருக்கிறேன். பிளேஸ்டேஷன் 2, துப்பாக்கி, டிவி இவற்றை அம்மா தரமாட்டாள். தங்கக் கேசட்டை நான் தரமாட்டேன், ஏனென்றால் உன் பெயரிலேயே புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். உன்னைப் போல நெருப்புக் குட்டியை எடுக்காமல் இலை முளைத்த குட்டியை எடுத்தேன். செவ்வாய், வியாழன், சனி என்று சந்தை கூடுவதுபோல நடக்கும் பூச்சி பிடிக்கும் போட்டிக்கும் தவறாமல் போகிறேன்.

மூன்றாவது பதக்கத்தில் இரண்டு வாரமாக நிற்கிறேன். அதைப் பெறத் தோற்கடிக்கவேண்டிய பெண்ணிடம் இருக்கும் மாடு உருண்டு வந்து மோதுகிறது. ஒவ்வொரு முறையும் அடி இரட்டிப்பாகிறது. நான் ஒருவழியாகக் காயப்படுத்தினால் பாலைக் குடித்து ஆறிவிடுகிறது. நீ அந்த மாட்டை எப்படித் தாண்டினாய் என்று விவரமாக எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்வதானாலும் சரி, நான் காகிதமும் பேனாவும் எடுத்துவைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா.