அத்தை மகள் வழக்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே பாரிமுனை வரை போய்வந்தாலே சட்டையைப் பிழிந்து காயப்போட வேண்டியிருக்கிறது.

உன் அத்தை மகள் விஷயத்துக்கு வருகிறேன். பெரம்பூர் வீட்டில் அண்ணன்மார் அவளை வாசற்படி ஏறவிடவில்லை, பாகம் கேட்க வக்கீலுக்குக் கொடுக்கவும் காசில்லை என்று எழுதியிருந்தாய். வக்கீல் பீஸ் ஒருபக்கம். சொத்து தன் கைவசம் இல்லாதவர் பாகம் கேட்டால், அந்தப் பங்கின் மார்க்கெட் மதிப்பில் 3 சதவீதம் கோர்ட் பீஸ் கட்ட வேண்டும். 2017-க்கு முன்னால் ஏழரை சதவீதம்! இப்போதும் பங்கு 20 லட்சம் என்றால் 60,000 ரூபாய். வீட்டுவேலை செய்து பிழைக்கிறவள் எங்கே போவாள்?

போக வேண்டிய இடம், சென்னை ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு; இலவச சட்ட உதவி தருகிற இடம். 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பார். பெண் என்றால் போதும், வருமானத்தைக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை; வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நிற்கிறார்கள். வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் பீஸ், சம்மன் செலவு, நகல் செலவு எல்லாம் அதில் அடங்கும். அங்கே நியமிக்கிற வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், ஆணைக்குழுவில் சொல்லச் சொல். அரசு தரும் பீஸ் குறைவு என்பதால் சில வக்கீல்கள் அக்கறை காட்டுவதில்லை என்பதும் உண்மைதான். அப்படி அமைந்தால் வேறு வக்கீல் கேட்கலாம்.

உன் மருமகன் சொன்ன இன்னொரு வழியும் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 33-ஆம் ஆணை, வறியவராக, கோர்ட் பீஸை முன்னால் கட்டாமலே வழக்குத் தொடர அனுமதி. சொத்துப்பட்டியல் கொடுக்க வேண்டும், அரசு வக்கீலுக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும். வழக்குக்குரிய பங்கை அவள் கையிருப்பாகச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் தோற்றால் பீஸைக் கட்டச் சொல்வார்கள். (2001-இல் ஒரு கம்பெனியும் இப்படிக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வேடிக்கைதான்.) அனுமதி கிடைக்கவே காலம் ஓடும், அதனால் எனக்கு இது இரண்டாவது வழிதான்.

வழக்குப் போட்டபின் அண்ணன்மார் இறங்கிவந்தால் சமாதானத்துக்கு மறுக்க வேண்டாம். கோர்ட் பீஸ் கட்டியிருந்தால் அது திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று நம் ஹைகோர்ட் சொன்னதை 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

வாரிசுச் சான்றிதழ், வீட்டுப் பத்திர நகல், வில்லங்கச் சான்று இருந்தால் எடுத்துவைக்கச் சொல். பத்திரம் அண்ணன்மாரிடம் இருந்தால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். தனியாகப் போகக் கூச்சப்பட்டால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யட்டும், இல்லை, காலையில் பெரம்பூரிலிருந்து பஸ் ஏறிவரட்டும், நானே கூட வருகிறேன்.

அன்புடன்,
முத்து