சிவப்பு நூலுக்கும் பச்சை நூலுக்கும் நன்றி

நம் நெசவுத் தெருக்காரர்களுக்கும், இந்த மூன்று மாதங்களாக நம்மோடு சேர்ந்து அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

2022 ஏப்ரல் 4 முதல் ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆகிவிட்டன. நம் புத்தூரும் பக்கத்து வடமாலப்பேட்டையும் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டன. நாம் கேட்டது கிடைத்தது. நம் மனுவால்தான் கிடைத்தது என்று மார்தட்ட மாட்டேன். கேட்டவர்கள் பலர், நம்மைவிடப் பெரிய குரல்களும் இருந்தன. ஆனால் நம் தெருவில் நடந்த ஓட்டு நாமே நடத்தியது. அதற்குத்தான் இந்த மடல்.

ஜனவரி 26 அன்று வந்த வரைவு அறிவிப்பில் நாம் சித்தூரோடுதான் இருந்தோம். திருப்பதி நமக்கு 35 கிலோமீட்டர். சித்தூர் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. ஆட்சேபம் சொல்ல 30 நாள் கொடுத்திருந்தார்கள். 1974ஆம் ஆண்டின் மாவட்ட அமைப்புச் சட்டம் தருவது அவ்வளவுதான்; மக்களிடம் ஓட்டுக் கேட்பது அதில் இல்லை. எல்லை விஷயத்தில் நம்மிடம் எப்போது கேட்டார்கள்? 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டாகி, வட ஆற்காட்டுக்காரர்களாக இருந்த நம் பாட்டன்மார் சித்தூர்க்காரர்களானபோதும் ஓட்டுப் பெட்டி வரவில்லை. 1960இல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போய், நாம் இந்தப் பக்கமே நின்றபோதும் வரவில்லை.

சரி, நாமே கேட்டுக்கொள்வோம் என்று திரௌபதி அம்மன் கோயில் மண்டபத்தில் கூடினோம். முதலில் கை தூக்கச் சொன்னது என் தவறு. மருமகள்கள் எல்லோரும் மாமனார் கையைப் பார்த்துவிட்டுத் தங்கள் கையைத் தூக்கினார்கள். பின்வரிசையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர்தான், “இது ஓட்டா, கும்மியா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முதல் நன்றி. அவர் மடியிலிருந்த நூலே வாக்குச் சீட்டானது: திருப்பதிக்குச் சிவப்பு, சித்தூருக்குப் பச்சை. விரற்கடை நீளம் நறுக்கி, ஆளுக்கு இரண்டு நிறமும் கொடுத்து, ஒன்றைக் குடத்தில் போட்டு மற்றதை முந்தானையிலோ துண்டிலோ முடிந்துகொள்ளச் சொன்னார். தீபாராதனை நேரமாகியும் குடத்தைத் திரும்பக் கேட்காமல் காத்திருந்த பூசாரிக்கு நன்றி. பார்வை மங்கிய பாட்டி ஒருவருக்காகச் சிவப்பு நூலில் மட்டும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தோம். அவர் இரண்டையும் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு முடிச்சு இல்லாததைப் போட்டார். இதை வெளியில் சொல்லச் சொன்னதும் அவர்தான்.

அடுத்த நன்றி தெலுங்கு மாஸ்டருக்கு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்த நம் எழுத்தின் லட்சணம் தெரிந்ததே. நான் எழுதிய மனுவின் தலைப்பில் ‘ஃபிர்யாது’ என்று போட்டிருந்தேன். நம் பிராதுதான் அது. வேகமாகச் சொன்னால் தமிழ்க் காதில் ‘பிரியாது’ என்று விழும். மாவட்டத்தைப் பிரிக்கும் வேளையில் அப்படியொரு தலைப்பு! மாஸ்டர் சிரித்துவிட்டு அதை அடித்து, ஆட்சேபத்துக்கான தெலுங்குச் சொல்லான ‘அப்யந்தரம்’ என்று எழுதினார். “பிராது கொடுத்தால் யார் மேலே என்று கேட்பார்கள். ஆட்சேபம் என்றால் ஏன் என்றுதான் கேட்பார்கள்” என்றார். நான்கு முறை திருத்தி எழுதிக் கொடுத்தும் தேநீரைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் சச்சிவாலய (உள்ளூர் அரசு அலுவலக) வாலண்டியர் பெண்ணுக்கும் நன்றி. ஒரு தறி ஒரு நாள் நின்றால் என்ன நஷ்டம் என்று தெரிந்தும் தறியை நிறுத்திவிட்டு என்னோடு பல்லெ வெலுகு பஸ் ஏறிய மூவருக்கும் நன்றி. சித்தூர் வேண்டாம் என்று சொல்வதற்குச் சித்தூருக்கே போகவேண்டியிருந்ததை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அங்கே ஒரு ஜன்னலில் அடுத்த ஜன்னலைக் காட்டினார்கள், அந்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம் என்றார்கள். கடைசியில் முத்திரை விழுந்தது.

நகரி மாமாவுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். நமக்காகக் கையெழுத்து வாங்கித் திரிந்த அவருடைய ஊர் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. போன வாரம் பேசியபோது, “இனி நான் வெளி மாவட்டத்துச் சம்பந்தி, மரியாதை கூட வேண்டும்” என்றார். கட்டாயம் உண்டு, மாமா.

இனி பச்சை நூல்காரர்களுக்கு. உங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதவில்லை. தோற்றபிறகும் நீங்கள் யாரும் மனுவைத் தடுக்கவில்லை. சிலர் கையெழுத்தும் போட்டீர்கள். ‘எங்களில் சிலர் சித்தூரையே விரும்புகிறார்கள்’ என்று மனுவிலேயே ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். மாஸ்டர்தான், இருக்கட்டும், மற்ற வரிகளையும் நம்புவார்கள் என்றார். அந்த வரியோடுதான் மனு போனது.

உங்களில் சிலருக்கு நில வழக்கின் அப்பீல் சித்தூர் கோர்ட்டில் இருக்கிறது. வக்கீலும் வழக்குக் கட்டும் பழகிய இடத்தை விட்டுப் போக மனமில்லாமல்தான் பச்சை போட்டீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வாய்தா தேதியை முதல் நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். நம் தெருவிலிருந்து ஒருவர் கூட வருவார். பஸ் டிக்கெட் சிவப்பு நூல்காரர்கள் செலவு.