சதவீதத்தை மட்டும் தந்தால் போதாது

நாடுகளின் நடப்புக் கணக்கு விவரங்களைத் தொகுத்து வெளியிடும் புள்ளிவிவர அலுவலகங்களுக்கு,

வணக்கம். நான் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியன். வணிகம், சேவைகள், முதலீட்டு வருமானம் போன்றவற்றின் வழியாக ஒரு நாட்டுக்குள் வரும் பணத்தையும் வெளியே போகும் பணத்தையும் ஒப்பிடுவதுதான் நடப்புக் கணக்கு; போவது கூடினால் பற்றாக்குறை, வருவது கூடினால் உபரி. இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போன மாதம் வகுப்பில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மாணவி என் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். இரண்டும் ஒரே அட்டவணையின் அச்சுப் பிரதிகள். ஒன்று போன வருடம் நான் கொடுத்தது, ஓரத்தில் என் பென்சில் குறிப்பு இருந்தது. மற்றது அன்று காலை அவர் எடுத்தது. அதே நாடு, அதே ஆண்டு. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், எத்தனை சதவீதம் என்ற கட்டத்தில் மட்டும் வேறு எண். "எது சார் சரி?" என்று கேட்டார்.

அன்று இரவு வெகுநேரம் தேடினேன். பற்றாக்குறைத் தொகையைத் திருத்தினார்களா, ஜிடிபியைத் திருத்தினார்களா, இல்லை இரண்டையுமா? அட்டவணையில் சதவீதத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. வெளியிட்ட அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டேன். தரவுகள் திருத்தத்துக்கு உட்பட்டவை என்று ஒரு வரி பதில் வந்தது. அது எனக்கும் தெரியும் ஐயா. எதைத் திருத்தினீர்கள், ஏன் திருத்தினீர்கள் என்பதுதானே கேள்வி?

திருத்துவது தவறில்லை. சரக்கு ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கு முதலில் கைக்கு வரும். சேவைகள், முதலீட்டு வருமானம் எல்லாம் தெளிவாகக் காலம் பிடிக்கும். ஆனால் இந்த விகிதத்தில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். எது அசைந்தாலும் விடை மாறும். 2014 ஏப்ரலில் நைஜீரியா தன் ஜிடிபியின் அடிப்படை ஆண்டை, அதாவது கணக்குக்கு அளவுகோலாக வைக்கும் ஆண்டை, 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியது. 2013-ஆம் ஆண்டின் ஜிடிபி ஒரே நாளில் 89 சதவீதம் கூடியது. அதனால் எல்லை தாண்டி ஒரு காசு கூடுதலாகப் போகவுமில்லை, வரவுமில்லை. ஆனாலும் கீழே இருக்கும் எண் அப்படிப் பெருத்தால் விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நாணயம் சரிந்தாலும் இதே கதைதான். டாலர் கணக்கில் ஜிடிபி சுருங்கும், பற்றாக்குறை அதே டாலரில் நின்றாலும் சதவீதம் ஏறும்.

மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் சேர்த்தே போடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இந்தச் சதவீதத்தை வைத்துத்தான் ஒரு நாட்டை ஆபத்தில் இருக்கிறது என்கிறார்கள், வட்டியை ஏற்று என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மூன்றாண்டு சராசரியில் பற்றாக்குறை 4 சதவீதத்தையோ உபரி 6 சதவீதத்தையோ தாண்டினால் எச்சரிக்கைக் குறி வைக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் நாட்டுக்கு அரை சதவீதம் சின்ன விஷயமா? அதைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போவது பொறுப்பான செயல் இல்லை.

முடியாத காரியமும் இல்லை. 2015-இல் பன்னாட்டு நிறுவனங்களின் சொத்துகள் இடம் மாறியதால் அயர்லாந்தின் ஜிடிபி சுமார் கால் பங்கு எகிறியது. அதன்பின் அந்த நாட்டின் புள்ளிவிவர அலுவலகமே, அந்த வீக்கத்தைக் கழித்த தேசிய வருமானத்தையும் அதற்கேற்ற நடப்புக் கணக்கையும் தனியாக வெளியிடுகிறது.

கொஞ்சம் கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சதவீதத்தோடு இரண்டு எண்களையும் தாருங்கள். எந்தத் தேதியில், எதற்காகத் திருத்தினீர்கள் என்று கீழே ஒரு வரி சேருங்கள். பழைய பதிப்பையும் பார்க்க வழி வையுங்கள். அந்த மாணவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு பொருளாதார ஆசிரியர்