உயர்தரப் பரீட்சைக்குப் பிந்தைய அரையாண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாளை எழுதிவிட்டு வீடு திரும்பும் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிப்பதற்குள் எத்தனை மாதங்கள் கழிகின்றன என்பதைக் கொழும்பில் பிள்ளை வளர்க்கும் எவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். 2022 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியிலேதான் தொடங்கியது. பெறுபேறு வந்தது செப்டம்பரில். அதன் பின்னர் தெரிவுக்கான இசட் புள்ளி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம், அனுமதிக்கான வெட்டுப்புள்ளி, பதிவு என்று காத்திருப்பு நீண்டுகொண்டே போனது. மேலை நாடுகளில், பாடசாலை முடித்த பிள்ளை ஒரு பருவத்தைச் சமூகப் பணிக்கென ஒதுக்கிவிட்டுப் பிறகு பல்கலைக்கழகம் போகலாமா என்று குடும்பத்தோடு கூடி யோசிக்கிறார்கள். நமக்கு அந்த யோசனைக்கே வேலையில்லை. இடைவெளி தானாக வந்து விழுகிறது. அதை எப்படிச் செலவிடுவது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் சற்று நடந்தால் இன்றைய விடை தெரிந்துவிடும். ஆங்கிலம், கணினி, கணக்கியல் என்று பலகைகள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. இயன்ற வீடுகள் இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் பணம் கட்டுகின்றன. இயலாத வீட்டுப் பிள்ளைகள் புறக்கோட்டைக் கடைகளில் துணி மடிக்கிறார்கள். இரண்டையும் நான் குறைசொல்லவில்லை. வகுப்புமின்றி வேலையுமின்றிக் கைபேசியோடு அறைக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளைப் பற்றியே என் கவலை. என் பேத்தியும் இரண்டு மாதம் அப்படித்தான் கிடந்தாள்.

பக்கத்து வீட்டு அன்ரியைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாமற் போன ஒரு நாளில், நான்தான் அவளை எழுப்பி அனுப்பினேன். கொழும்பிலுள்ள அந்த அரச மருத்துவமனையில், இரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே, பொகவந்தலாவையிலிருந்து முதல் நாளிரவே பஸ் ஏறி வந்த ஒரு தோட்டத் தொழிலாளப் பெண் கிளினிக் கொப்பியோடு நின்றிருக்கிறார். உள்ளே ஏதோ கேட்டிருக்கிறார்கள், இவருக்கு விளங்கவில்லை, வேறொரு திகதி குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் பேத்தி கொப்பியை வாங்கிப் பார்த்தாள். சென்ற முறை ஒட்டிய துண்டில், எதுவும் உண்ணாமலும் குடிக்காமலும் வர வேண்டும் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. "விடிகாலையிலேயே தேத்தண்ணி குடிச்சிட்டேனே பாப்பா" என்றாராம் அந்தப் பெண். ஒரு வரி வாசிக்கத் தெரியாததற்கு ஒரு நாட்கூலியும் இரண்டு வழிப் பஸ் காசும் போயின. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் எழுதியது 1987 இல். அரச திணைக்களமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகக் காலம் கழித்தவன் என்பதால் இதை எழுதும்போது எனக்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

மறு வாரமும் அவள் போனாள், யாரும் சொல்லாமலே. காவலாளி இருமுறை வெளியே அனுப்பினார். சட்டையில் ஓர் அடையாள அட்டை இல்லாதவரை அவர் செய்ததும் நியாயமே. மூன்றாம் முறை ஒரு தாதி இரக்கப்பட்டு வாங்கின் ஓரத்தில் இருக்கச் சொன்னார். இப்போது செவ்வாயும் வியாழனும் காலை வேளைகளில் அங்கே இருக்கிறாள். கொப்பியில் உள்ளதை வாசித்துச் சொல்வது, எந்த யன்னலில் மருந்து கொடுப்பார்கள் என்று காட்டுவது, அடுத்த திகதியைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது, இவ்வளவே அவள் வேலை. மருந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது தாதி இட்ட கட்டளை.

பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்பதையே இத்தகைய திட்டங்களில் முதலில் கேட்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். 1958 இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன், பாடசாலையை முடித்த இளைஞர்களைக் கடல்கடந்த நாடுகளுக்குத் தொண்டு செய்ய அனுப்பத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அவர் தொடங்கிய அமைப்பு பட்டதாரிகளையும் தொழில் கற்றவர்களையுமே நாட வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2009 இல் தொடங்கிய திட்டமோ, அனுமதி பெற்ற மாணவர்களில் ஒரு சிறு தொகையினருக்கு, கல்விக் கட்டணம் அறவிடாமல், ஒன்பது மாதம் வாரணாசி போன்ற ஊர்களில் தங்கிப் பணியாற்றவும் அந்தந்த இடத்து மொழியைக் கற்கவும் வழிசெய்தது. அவர்கள் வெளியூர் போய்த்தான் இன்னொரு மொழியைக் கற்கிறார்கள். நம் பிள்ளைகளோ சிங்களத்தை இங்கேயே, பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்து, கையில் வைத்திருக்கிறார்கள். இரு மொழியும் தெரிந்த, ஒழுங்கைகளெல்லாம் அறிந்த பிள்ளைக்குத் தன் நகரத்தில் செய்ய வேலை இருக்கிறது. மட்டக்குளியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்க வைக்கலாம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனித்து வாழும் முதியோரைக் கிளினிக்குக்கும் வங்கிக்கும் அழைத்துச் செல்லலாம். இலவச ரியூசன் வகுப்பு மட்டும் வேண்டாம். அது நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது.

இந்த நாட்டுக்கும் இது புதிதன்று. அதே 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் கனதொலுவ என்ற ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமத்துக்கு அழைத்துச் சென்றதிலிருந்தே சர்வோதய இயக்கமும் நாம் இன்று சிரமதானம் என்று சொல்லும் கூட்டு உழைப்பும் வளர்ந்தன. அதற்கு நேரெதிரான அனுபவமும் உண்டு. 2011 இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களை மூன்று வாரம் இராணுவ முகாம்களில் வைத்துத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த நாட்களில் தமிழ்ப் பெற்றோர் மகள்மாரை எந்த மனநிலையில் அனுப்பி வைத்தார்கள் என்பதை மறந்திருக்க முடியாது. ஆகவே, இதைக் கட்டாயமாக்குங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்க நான் இக்கடிதத்தை எழுதவில்லை.

நான் கேட்பது பாடசாலை அதிபர்களையும் பழைய மாணவர் சங்கங்களையும். ஒவ்வொரு பாடசாலையும் பத்துப் பிள்ளைகளோடு தொடங்கட்டும். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் ஓரிடம், அங்கே பொறுப்பாக ஒரு பெரியவர், நிறுவனத் தலைவர் ஒப்பமிட்ட அனுமதிக் கடிதம், காலை வேளை மட்டும் பணி. பெண் பிள்ளைகளானால் இருவராகப் போவது நல்லது. ஆறு மாதத்துக்குக் குறைந்தால் பயனில்லை, ஏனெனில் முதல் மாதம் இடம் பழகவே போய்விடும். பஸ் காசும் பகலுணவும் சங்கம் கொடுக்க வேண்டும். இல்லையேல் கடையில் நிற்கும் பிள்ளைக்கு இதில் இடமே இருக்காது, வசதியுள்ளோர் பொழுதுபோக்காக இது முடிந்துவிடும். கிரிக்கெட் போட்டிக்கும் இராப்போசன விருந்துக்கும் நம் சங்கங்கள் சேர்க்கும் நிதியைக் கண்டவன் என்பதால் பணமில்லை என்ற பதிலை நான் ஏற்கப்போவதில்லை. சான்றிதழ் கொடுப்பதானால் கொடுங்கள். வெளிநாட்டு விண்ணப்பத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டு இரண்டாம் வாரமே காணாமற் போகிறவருக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாம் தடவை பரீட்சை எழுத எண்ணியிருக்கும் பிள்ளைகளை இதற்கு இழுக்கவும் கூடாது. அவர்களுக்கு அந்த மாதங்கள் வேண்டும்.

என் பேத்திக்கு வெட்டுப்புள்ளி வந்து, பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக நேர்ந்தால் அந்த வாங்கு வெறுமையாகிவிடும். தனக்குப் பின் அங்கே இருக்க ஒருவரையாவது பழக்கிவிட வேண்டும் என்று தோழிகள் நால்வரிடம் கேட்டிருக்கிறாள். இருவர் வீட்டில் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை. ஒருத்தி கணக்கியல் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டாள். மற்றவள் வரும் வியாழன் ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச மொழிபெயர்ப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6