கிளைவ் ‘சேகரித்த’ கூடாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரிட்டனிலுள்ள போவிஸ் கோட்டையைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் “பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவ் திப்பு சுல்தானிடமிருந்து சேகரித்த பொக்கிஷங்கள் இந்த இங்கிலாந்து மாளிகையை அலங்கரிக்கின்றன” என்ற வரி இரண்டு நாளாக மனசை அறுக்கிறது.

ராபர்ட் கிளைவ் இறந்தது 1774 நவம்பரில். தலைநகர் சீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மடிந்தது 1799 மே 4-ஆம் தேதி. செத்து ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் ஆன மனிதர் எப்படி ஐயா திப்புவின் கூடாரத்தை எடுத்துப் போயிருப்பார்? தங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை இது. அச்சுக்குப் போகும் முன் ஒருவர் நிறுத்திப் படித்திருந்தால் போதும்.

திப்புவின் பொருட்களோடு ஊர் திரும்பியவர் ராபர்ட்டின் மகன் எட்வர்ட் கிளைவ். 1798 முதல் 1803 வரை சென்னைக்கு அவர்தான் கவர்னர். அந்த ஐந்து வருஷத்தில் என்னென்ன நடந்தது என்று தமிழ்ப் பத்திரிகைக்கு நான் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனது. அதே வருஷம் அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கட்டபொம்மனோடு மோதிய கலெக்டர் ஜாக்சனையும் தளபதி பானர்மேனையும் நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த கவர்னர் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லக் கிடைத்த ஒரு வாய்ப்பிலும் அவர் அப்பா பெயரைப் போட்டுவிட்டீர்கள்.

பிளாசி வெற்றிக்கும் சீரங்கப்பட்டண வெற்றிக்கும் நினைவாகச் சென்னையில் ஒரு விருந்து மண்டபம் கட்டியவரும் இந்த எட்வர்ட்தான். 1802-இல் முடிந்த அந்தக் கட்டடம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். 1987-இல் எம்.ஜி.ஆரையும், 2016-இல் ஜெயலலிதாவையும், 2018-இல் கலைஞரையும் அங்கேதான் வைத்து அழுதோம். போவிஸுக்கும் நமக்கும் உள்ள இந்த உறவைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. தோட்டத்து மலர்களுக்கு மட்டும் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது.

நான் அங்கே போய்ப் பார்த்தவள். மகன் பர்மிங்காமில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து ரயிலில் வெல்ஷ்பூல் போய், மேட்டில் நடந்து ஏறினேன். கிளைவ் அருங்காட்சியகத்தில் துணி வெளுத்துவிடாதபடி வெளிச்சத்தை மங்கலாக வைத்திருந்தார்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தெரிந்தது கூடாரம். வெள்ளைத் துணியில் மாடம் மாடமாக அச்சிட்டு, மாடத்துக்கு ஒரு பூச்சாடி. சிவப்பும் பச்சையும் இன்னும் மங்கவில்லை. அரசன் படையெடுத்துப் போகும்போது வீடாக இருந்த துணி அது. கிளைவ் குடும்பத்தார் அதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டுக்கொண்டார்களாம். பக்கத்திலேயே அரியணையிலிருந்து கழற்றிய ஒரு தங்கப் புலித்தலை. மாணிக்கம், வைரம், மரகதம் பதித்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அத்தனை பெரிய சிங்காதனத்தை உடைத்துத் துண்டு துண்டாகப் படைக்குப் பங்கு போட்டதில் மிஞ்சிய துண்டு. வாய் திறந்து பேச முடியாமல் நின்றேன். மகன் “போலாமாம்மா?” என்று கேட்டது இரண்டாம் முறைதான் காதில் விழுந்தது.

அதையா ‘சேகரித்தார்’ என்கிறீர்கள்? கோவில்பட்டிப் பிள்ளைகள் நாங்கள் சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேகரித்தோம். அதற்குப் பெயர் சேகரிப்பு. கோட்டையை உடைத்து, அரசனைக் கொன்று, வீட்டுச் சாமான் வரை அள்ளிப் போனதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: கொள்ளை. போவிஸ் கோட்டை 1952 முதல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது. காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்புள்ள தங்கள் இடங்கள் 93 என்று 2020-இல் அவர்களே அறிக்கை போட்டார்கள். அதில் போவிஸும் உண்டு. அவர்களே ஒப்புக்கொண்டதை நாம் ஏன் மூடி மறைத்து எழுத வேண்டும்?

இன்னொன்று, போவிஸ் இருப்பது வேல்ஸில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர் ஒருவர் எழுப்பிய செங்கல் நிறக் கற்கோட்டை அது. 1587-இல் ஹெர்பர்ட் குடும்பம் வாங்கியது. எட்வர்டின் மனைவி ஹென்றியட்டா அந்த வீட்டுப் பெண். அவருடைய அண்ணன் வாரிசில்லாமல் 1801-இல் இறந்ததால்தான் கோட்டை இவர்கள் வசம் வந்தது. ராபர்ட் கிளைவின் இங்கிலாந்து மாளிகைதான் வேண்டுமென்றால் சர்ரேயில் கிளேர்மான்ட் இருக்கிறது. 1769-இல் வாங்கி, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார், குடியிருக்கக் கொடுத்துவைக்கவில்லை. அதைப் பற்றி எழுதியிருக்கலாமே.

இது முதல் தடவை என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். சில வருஷத்துக்கு முன் கட்டபொம்மன் படத்துக்குக் கீழே “1857 புரட்சி வீரர்” என்று போட்டீர்கள். அப்போது நான் வேலையில் இருந்தேன். என் மாணவன் ஒருவன் அதையே பரீட்சையில் எழுதினான். மதிப்பெண் போடவில்லை. மறுநாள் அவன் அப்பா உங்கள் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து, “டீச்சர், புக்குலயே போட்டிருக்கே” என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? பிறகு வேலூர்ப் புரட்சிக்கும் வருஷம் மாறியது. ஒவ்வொன்றுக்கும் கார்டு எழுதினேன். நான்கு கடிதம் ஆயிற்று. ஒன்றுக்கும் பதில் இல்லை, திருத்தமும் இல்லை. எங்கள் பக்கத்துக் காட்சிக்கூடம் ஒன்றில் பாளையக்காரர் காலத்து வாளுக்கு மேலே விளக்கு எரியாமல், பெயர்ச்சீட்டு கவிழ்ந்து கிடந்ததைப் படத்தோடு அனுப்பினேன். அதுவும் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவள். என் வார்த்தைக்கு ஒரு அஞ்சல் அட்டை மரியாதைகூட இல்லையா?

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். ‘பிளாசியில் வென்ற ராபர்ட்’ என்று இருப்பதை ‘எட்வர்ட்’ என்றும், ‘இங்கிலாந்து’ என்பதை ‘வேல்ஸ்’ என்றும் மாற்றுங்கள். ‘சேகரித்த’ என்பதையும் எடுத்துவிடுங்கள். தீர்ப்புச் சொல்ல மனமில்லை என்றால் ‘எடுத்துச் சென்ற’ என்றாவது போடுங்கள். இணையப் பதிப்பிலும் மறக்காமல் மாற்றுங்கள். பிள்ளைகள் அதைத்தான் பார்த்து எழுதுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கோவில்பட்டி