ஷாங்காயில் ஒரு செமஸ்டர்: விசாவைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்

ஆசிரியருக்கு,

செப்டம்பரில் தொடங்கும் ஒரு செமஸ்டர் படிப்புக்காக ஷாங்காய் போகும் மாணவர்கள் குளிருடை, மசாலாப் பொடி என்று பெட்டி கட்டுவதில் காட்டும் கவனத்தை விசாவில் காட்டுவதில்லை. அதில் அச்சாகியிருக்கும் மூன்று விவரங்களைத் தப்பாகப் புரிந்துகொள்வதால்தான் பெரிய சிக்கல்கள் வருகின்றன.

படிப்பு 180 நாளுக்குள் முடிந்தால் எக்ஸ்-2 விசா, அதைத் தாண்டினால் எக்ஸ்-1. ஒரு செமஸ்டருக்குப் பெரும்பாலும் எக்ஸ்-2தான். அதிலுள்ள கடைசித் தேதி, சீனாவுக்குள் நுழைவதற்கான கெடு மட்டுமே. எவ்வளவு காலம் தங்கலாம் என்பதைத் தனியாகப் போட்டிருக்கும் நாள் கணக்கு சொல்லும். வந்திறங்கிய மறுநாளிலிருந்து அதை எண்ண வேண்டும். கூடுதலாகத் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம். காவலில் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

மூன்றாவது, எத்தனை முறை நுழையலாம் என்பது. எக்ஸ்-2இல் வழக்கமாக ஒரே முறைதான். அக்டோபர் முதல் வார தேசிய தின விடுமுறையில் ஹாங்காங்கோ மக்காவோ போய்வரலாம் என்று கிளம்பினால், சீனாவை விட்டே வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வர விசா இருக்காது. நண்பர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் தயவுசெய்து போகாதீர்கள்.

எக்ஸ்-1இல் தங்கும் நாள் ‘000’ என்றிருக்கும். பயப்பட வேண்டாம். வந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அதற்குத் தேவையான மருத்துவப் பரிசோதனை அறிக்கை கைக்கு வரச் சில நாள் ஆகும் என்பதால் முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

தங்குமிடத்தைப் போலீஸில் பதிவதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வாடகை அறையோ நண்பர் வீடோ என்றால், 24 மணி நேரத்துக்குள் நாமே பதிய வேண்டும். பல்கலைக்கழக விடுதி என்றால் யார் பதிவது என்று முதல் நாளே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம். பதிந்ததற்குத் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வசிப்பு அனுமதிக்கு முதலில் கேட்பது அதைத்தான். அறை மாறினால் மறுபடி பதிய வேண்டும்.

அடுத்தது கைப்பேசி. அங்குள்ள இணைய இணைப்பில் கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் திறக்காது. பிளே ஸ்டோரும் வேலை செய்யாது என்பதால் செய்தி அனுப்ப வீசாட் (WeChat), பணம் செலுத்த அலிபே (Alipay), வரைபடச் செயலி எல்லாவற்றையும் இங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள். புதிதாக வீசாட் கணக்குத் தொடங்கும்போது, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உறுதி செய்ய வேண்டும் என்று கேட்கலாம். அதையும் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

டீக்கடை முதல் மெட்ரோ வரை கியூஆர் கட்டணம்தான். நம் வங்கி தந்த விசா (Visa) கார்டையோ மாஸ்டர்கார்டையோ அலிபேயில் இணைக்கலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட கட்டணத்துக்கு 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். பலருக்கு முதல் நாளே கட்டணம் நிராகரிக்கப்படுவது ஏன் தெரியுமா? கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். வங்கிச் செயலியில் நாமே அதைத் திறந்துவிட வேண்டும். ஓடிபி வருவது இந்திய எண்ணுக்கு. எனவே அந்த சிம்மில் ரோமிங்கைப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப்பும் திறக்கும் என்பதால் வீட்டுக்குச் செய்தி அனுப்பவும் அது உதவும்.

கடைசியாக, தமிழர்களான நமக்கே உரிய சிக்கல் ஒன்று: பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். கல்லூரிச் சான்றிதழிலோ வெறும் இன்ஷியல். சேர்க்கைக் கடிதத்தில் ஒரு விதம், விசாவில் ஒரு விதம், வங்கியில் இன்னொரு விதம் என்று போனால், அங்கே கணக்குத் தொடங்குவதும் ரயில் டிக்கெட் எடுப்பதும் சிரமம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் வரிசையும்தான் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். சேர்க்கைக் கடிதத்தில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்தி வாங்குங்கள். விமான டிக்கெட் அதற்குப் பிறகு போதும்.

இப்படிக்கு,
வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்கள்,
திருச்சி