விதைக்கு விதை ஆழம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே விதை போட்டுக் கொத்தமல்லி, புதினா, வெந்தயக்கீரை வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தோம். தொட்டியில் மண் நிரப்பு, விதையைத் தூவு, தினமும் தண்ணீர் தெளி, ஒரு வாரத்தில் முளைக்கும் என்று எல்லாச் செடிக்கும் ஒரே வழியைச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி இறங்குகிறவர்களில் பலர் மூன்றாவது வாரம் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, 'நமக்குக் கைராசி இல்லை' என்று ஒதுங்கிவிடுவார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு விதைக்கும் ஆழம் வேறு, வெளிச்சம் வேறு, காத்திருக்க வேண்டிய நாள் வேறு.

கொத்தமல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். விதை என்று நாம் சொல்லும் உருண்டை உண்மையில் காய்ந்த கனி. உள்ளே இரண்டு விதைகள் பாதிக்குப் பாதியாக ஒட்டியிருக்கும். முழு உருண்டையாகப் போட்டாலும் முளைக்கும். ஆனால் தாமதமாகும், ஒரே இடத்தில் இரண்டு நாற்று முட்டிக்கொண்டு வரும். துணியில் பரப்பி, உள்ளங்கையாலோ ஒரு கட்டையாலோ லேசாக அழுத்தித் தேய்த்தால் இரண்டாகப் பிரியும். அழுத்தம் கூடினால் உள்ளிருக்கும் கரு நசுங்கிவிடும், நசுங்கியது முளைக்காது. பிரித்ததை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, 1 செ.மீ. ஆழத்தில் விதைத்து மண்ணால் மூட வேண்டும். வெறுமனே மேலே தூவினால் பாதி விதை காய்ந்தே போகும். முளைக்க 7 முதல் 14 நாள் ஆகும், சில சமயம் 3 வாரம்கூட. ஏழாம் நாள் ஒன்றும் தெரியவில்லையே என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அப்போதுதான் நீண்டு வரும் வேர் அதில் அறுந்துவிடும்.

சமையலுக்கு வாங்கிய மல்லியும் முளைக்கும், பழையதாகவோ சூடுபட்டதாகவோ இல்லாவிட்டால். அதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். பத்து விதையை ஈரத்துணியில் மடித்து மூடிய டப்பாவில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ஏழு எட்டு முளை விட்டால் நல்ல விதை. நாலு ஐந்துதான் என்றால் இரண்டு மடங்கு அடர்த்தியாக விதைக்கலாம். ஒன்றிரண்டுதான் என்றால் அந்த விதைக்காக மண்ணை வீணாக்க வேண்டாம்.

கொத்தமல்லிக்கு ஆணிவேர். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் அது வேரூன்றுவதற்குள் பூத்தண்டு விட்டுவிடும். ஆகவே கடைசிவரை வளரப்போகும் தொட்டியிலேயே விதைக்க வேண்டும். தொட்டி 20 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். முளைத்ததும் 5 செ.மீ.க்கு ஒன்று நிற்கும்படி மிச்ச நாற்றைப் பிடுங்கிவிடுங்கள். வெயில் ஏறினாலும் பகல் நீண்டாலும் இந்தச் செடி பூவெடுத்துவிடும், அதற்கு உரத்தாலும் தண்ணீராலும் மருந்து கிடையாது. ஒரே தடவையில் முழுவதும் விதைக்காமல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து வந்தால்தான் இலை தொடர்ந்து கிடைக்கும்.

வெந்தயத்தில் இந்தப் பாடு எதுவும் இல்லை. ஓர் இரவு ஊறவைத்து அரை செ.மீ. ஆழத்தில் போட்டால் இரண்டு முதல் நான்கு நாளில் முளைத்து, மூன்று நான்கு வாரத்தில் பறிக்கத் தயாராகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

ஊறவைத்து விதைப்பதைப் பொதுவிதியாக வைத்துக்கொண்டால் திருநீற்றுப்பச்சிலையில் மாட்டிக்கொள்வோம். சப்ஜா விதை என்கிறோமே, அதன் செடிதான் இது. பேசில் என்று விற்பதும் இந்த இனம்தான். தண்ணீர் பட்ட சில நிமிடத்திலேயே அந்தக் கருப்பு விதையைச் சுற்றி வெளிறிய கொழகொழப்பு உறை கட்டும். ஊறவைத்துவிட்டால் பிரித்து விதைக்கவே முடியாது. விரலில் ஒட்டும், கொத்துக் கொத்தாக ஓரிடத்தில் விழும். உலர்ந்த விதையை ஈர மண்மேல் தூவி, கால் செ.மீ.க்குச் சலித்த மண் போட்டால் போதும். இது சூட்டை விரும்பும் செடி. 20 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் 5 முதல் 10 நாளில் முளைக்கும். மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் ஒரு கணுவுக்கு மேலாக நுனியைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றைத் தண்டாக உயர்ந்து பூத்துவிடும்.

மேல்நாட்டுச் சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் தைம், ஆரிகனோ இரண்டின் விதையும் தூள் மாதிரி இருக்கும். இவற்றை மண்ணால் மூடவே கூடாது. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். புதைந்துவிட்டால் மேலே வருமளவுக்கு உள்ளே சேமிப்பும் இல்லை. உலர்ந்த மணலோடு கலந்து தூவி, விரலால் அழுத்திவிட்டு, காயாமல் இருக்கக் கண்ணாடியோ மெல்லிய பிளாஸ்டிக்கோ மூடலாம். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். கொத்தமல்லி போலிருக்கும் பார்ஸ்லிக்குப் பொறுமைதான் வேண்டும்: ஊறவைத்துப் போட்டாலும் மூன்று நான்கு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். புது விதையாகவும் இருக்க வேண்டும்.

புதினாவை விதையிலிருந்து வளர்க்கச் சொன்னதுதான் அந்தக் குறிப்பின் பெரிய பிழை. புதினா வகைகளில் ஒன்றான பெப்பர்மின்ட் ஒரு கலப்பினம். அது பெரும்பாலும் முளைக்கும் விதையே கட்டுவதில்லை. விதை கட்டும் வகைகளிலும் தாய்ச்செடியின் மணம் பிள்ளைச்செடிக்கு அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. 10 செ.மீ. தண்டைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, அடி இலைகளை உருவிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். இதற்கு விதை வாங்குவது காசுக்குத்தான் கேடு.

மண்கலவையில் இரண்டு எச்சரிக்கை. தேங்காய் நார்க்கழிவைச் சில இடங்களில் உப்பு நீக்காமலே விற்கிறார்கள்; இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். தொழு உரமோ மட்கு உரமோ முழுதாக மக்காமல் இருந்தால் அதிலிருந்து வரும் சூடும் அம்மோனியாவும் இளவேரைக் கருக்கிவிடும். நன்றாக மக்கியது மண்வாசனைதான் அடிக்கும், தொட்டால் சூடு இருக்காது. நார்க்கழிவு, மக்கிய உரம், மணல் மூன்றும் சம அளவில் கலந்தால் போதும். முதல் இரண்டு இலை வித்திலைகள். அடுத்து வருபவைதான் உண்மையான இலை. அவை வரும்வரை வேறு உரம் எதுவும் வேண்டாம்.

முளைத்த நாற்றை அதிகம் கொல்வது நாற்றழுகல். முதல் நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலை படுத்துக் கிடக்கும். குனிந்து பார்த்தால் இலை பச்சையாகவே இருக்கும். மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி நூலிழையாகச் சுருங்கியிருக்கும். வாடுகிறதே என்று அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் மிச்சமும் போய்விடும். ரைசோக்டோனியா போன்ற மண் பூஞ்சைகளும், பூஞ்சையை ஒத்த பித்தியம் போன்ற நுண்ணுயிரிகளும் செய்யும் வேலை இது. ஈரம் தேங்குவதும், நெருக்க விதைப்பும், காற்றோட்டமின்மையும் அவற்றுக்கு இடம் கொடுக்கின்றன. விழுந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிட்டு, மேல்மண் காயும்வரை நீரை நிறுத்துங்கள். அதன்பின் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் அரைமணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுவது பாதுகாப்பு. பழைய தொட்டியைச் சோப்பால் கழுவி, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்ததில் பத்து நிமிடம் வைத்து அலசிய பிறகே மறுபடி விதைக்க வேண்டும்.

நாற்று வெளிறி, நீண்டு, ஒரு பக்கம் சாய்கிறதென்றால் வெளிச்சம் போதவில்லை. உரம் போட்டால் இன்னும் நீளும். முளைத்த அன்றே ஜன்னலோரத்துக்கு மாற்றி, தினமும் தொட்டியைத் திருப்பிவிட வேண்டும்.

இன்னொன்றையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பாக்கெட் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி தடவிய விதை. விதைத்ததும் கையைக் கழுவ வேண்டும். மீந்ததைச் சமையலறை டப்பாவில் கொட்டவோ, முளைகட்டிச் சாப்பிடவோ கூடாது.

இனி இப்படிக் குறிப்புகள் வெளியிடும்போது ஒவ்வொரு செடிக்கும் விதைக்க வேண்டிய ஆழம், ஊறவைக்க வேண்டுமா இல்லையா, முளைக்கும் நாள், நாற்றைப் பிடுங்கி நடலாமா என்ற நான்கையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். புதினாவுக்கு மட்டும் 'விதை' என்று வந்ததைத் 'தண்டு' என்று திருத்தி அடுத்த இணைப்பிலேயே வெளியிட்டால், விதை வாங்கப் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டம் போடும் வாசகர்கள் சிலர்